அலசி ஊற்றிய தண்ணீர்

தம்பியின் கையிலிருந்து குத்தி எடுத்துக்கொண்டுபோன ரத்தம் இந்நேரம் எந்த மாடியில் இருக்கும் என்றுதான் முப்பிடாதி யோசித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் மூடி போட்ட சின்னக் குழாய். லேப்காரப் பெண் அதை ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தி, தட்டில் இருந்த மற்றக் குழாய்களுக்கு நடுவே செருகிக்கொண்டு போனாள். எத்தனை பேர் ரத்தம், எல்லாம் ஒரே நிறம், மாறிப்போகாதா? மாறாது, பேர் ஒட்டியிருக்கிறார்கள். சங்கரபாண்டி என்று ஒட்டியிருக்கிறார்கள். அதே பேரில் இன்னொருத்தன் இருந்தால்? எங்கள் ஊர்ப் பக்கம் கல்லை விட்டெறிந்தால் அது ஒரு சங்கரபாண்டி தலையில்தானே விழும். சீ, என்ன நினைப்பு இது, நல்லதா ஒன்றும் தோன்றாதா இந்த மண்டைக்கு. மின்விசிறி தலைக்குமேல் கடக் கடக் என்று ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தட்டலில் ஒரு வார்த்தை வந்து ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. வேறொண்ணும் கையில இல்ல, வேறொண்ணும் கையில இல்ல. டாக்டர் ரிஸ்வானா முதல் நாளே சொன்ன வார்த்தை. மேலப்பாளையத்துக்காரர், சின்ன வயசு, முகக்கவசத்துக்குமேல் கண் மட்டும் பேசும். இந்தக் கிருமி எந்த மருந்துக்கும் அடங்கல, ஒரே ஒரு மருந்துக்குத்தான் அடங்குது, அது பழைய மருந்து, கிட்னியைப் பாதிக்குதுன்னு எங்க வாத்தியார் காலத்திலேயே அலமாரிக்குப் பின்னால தள்ளி வெச்சது, இப்ப வேற வழியில்லாம எடுக்கிறோம், இதுக்கப்புறம் வேறொண்ணும் கையில இல்ல. டாக்டர் சொல்லிவிட்டுத் தன் கையை விரித்துக் காட்டவில்லை. முப்பிடாதிதான் தன் கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்க உளுந்து மாவு ஊறி வெளுத்த கை. இருபது வருஷமாய் மாவு ஆட்டி விற்கிற கை.

அலமாரிக்குப் பின்னால் என்றதும் அவளுக்குக் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் பாடுகிற பெட்டிச்சாமி நினைவுக்கு வந்தது. அடங்காத சாமி. ஊரார் மந்திரம் போட்டுப் பெட்டியில் அடைத்து ஏழு பூட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். ஊருக்குள் பேய் புகுந்து பிள்ளைகளைத் தூக்கிப்போகத் தொடங்கியதும் வேறு சாமி எதுவும் கேட்காமல் போகவே, கடைசியில் அந்தப் பெட்டியைத்தான் திறந்தார்கள். சாமி வந்தது, பேயை வகுந்தது, எல்லாம் சரி. அப்புறம் திரும்பி நின்று கேட்டதாம், கூப்பிட்டீகளே, எனக்கு என்ன ஊட்டு, என்ன பலி? அந்த இடத்தில் குடத்தில் ஒரு அடி அடித்துவிட்டு வில்லுக்காரர் நிறுத்துவார். கூட்டமே மூச்சுவிடாது. இப்போது அந்தக் குடத்துச் சத்தம் மின்விசிறியில் வந்து கேட்டது. ஊட்டு என்ன? இவன் கிட்னிதான் ஊட்டு. பெட்டியைத் திறந்தாயிற்று, பேயும் ஓட ஆரம்பித்துவிட்டது. நேற்றுச் சாயந்தரம் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆறு வாரமாய் நெருப்பாய்க் கொதித்த உடம்பு, தொட்டால் ஈரத் துணி மாதிரி இருந்தது. இடது காலில், தகடு வைத்துத் தைத்த இடத்தில், கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் பச்சையாய் வழிந்த சீழ் நேற்று வெறும் நீராய்த்தான் இருந்ததாம். கேக்குதும்மா, மருந்து கேக்குது என்று டாக்டர் சொன்னபோது கண் சிரித்தது. சிரித்துவிட்டு அதே மூச்சில், கிட்னி நம்பர்தான் கொஞ்சம் ஏறியிருக்கு, ஆனா யூரின் நல்லா போகுதே, அதனால இதே அளவுல தொடரலாம், நாளைக்கு ரத்தத்தைப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம் என்றார். அந்த நாளைதான் இன்றைக்கு வந்திருக்கிறது. யூரின் நல்லா போகுதே. அதைக் கேட்டபோது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது, என்னமோ அவளே போனது மாதிரி.

சங்கரபாண்டி கண்ணை மூடிப் படுத்திருந்தான். தூங்கவில்லை, உதட்டோரத்தை நாக்கால் தடவிக்கொண்டிருந்தான். மருந்து ஏற ஆரம்பித்ததிலிருந்து அந்த உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறதாம். மருந்தோட குணம் அது, நரம்புல வேலை காட்டும், ஜாஸ்தியானா சொல்லணும் என்று நர்ஸ் ஜெசிந்தா சொல்லியிருந்தாள். அவன் அதையும் கேலியாக்கிவிட்டான். லட்சாதிபதி வாயில் எறும்பு மொய்க்காமல் என்ன செய்யும் என்றான். ஒரு நேரத்துக்கு நாற்பத்தைந்து லட்சம் யூனிட்டாம் அந்த மருந்து. முதல் நாள் அதுபோல் இரண்டு மடங்கு. எக்கா, புளியங்குடியிலே பொண்ணு வீட்டில கேட்டா சொல்லு, மாப்பிள்ளை தினமும் தொண்ணூறு லட்சம் உள்ள தள்ளுதாருன்னு. அப்படிப்பட்ட வாய். லோடுவண்டி ஓட்டுகிறவன் வாய் எப்படி இருக்கும். எலுமிச்சை மூட்டை ஏற்றிக்கொண்டு போனவன்தான், வளைவில் மாட்டுக்கு ஒதுங்கப்போய் வண்டி சாய்ந்து, கால் அடியில் மாட்டிக்கொண்டது. ரோடு முழுக்கப் பழம். வண்டிச் சக்கரத்துக்கு நாலு பழம் வைத்து நசுக்கினால் கண்ணேறு போகும் என்பார்களே, அன்றைக்கு நாலாயிரம் நசுங்கியதே, எவன் கண் போயிற்று? எலும்பு முறிந்ததற்கு ஆபரேஷன், தகடு, ஸ்குரூ. அதற்கப்புறம் சீழ். ஒரு மருந்து, அடுத்த மருந்து, அதைவிடப் பெரிய மருந்து, ஒவ்வொன்றையும் அந்தக் கிருமி தின்று ஏப்பம் விட்டது. மருந்து கேட்கவில்லை என்றால் காலை எடுப்பதுதான் வழி என்று எலும்பு டாக்டர் தொடையில் கையை வைத்துக் கோடு இழுத்துக் காட்டினார். முழங்காலுக்கு மேலே. அந்தக் கோடு இன்னும் அங்கே இருக்கிறதோ என்று அவள் சில நேரம் போர்வையை விலக்கிப் பார்ப்பாள்.

எதிர்க் கட்டிலில் கிழவர் ஒருவர். அவருக்கும் இதே வகைக் கிருமிதான், அதனால்தான் இந்த அறையில் ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். வாசலில் கையுறை போடாமல் தொடாதீர்கள் என்று எழுதி ஒட்டியிருக்கும். அவர் மனைவி பொன்னுத்தாய் ஆச்சி அவருக்கு ஹார்லிக்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். முப்பிடாதி சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்க வேறு என்ன இருக்கிறது. கிழவர் குடித்து முடித்து டம்ளரைத் தள்ளினார். ஆச்சி டம்ளருக்குள் எட்டிப் பார்த்து, அடியில் எம்புட்டு நிக்கி பாரும், ஒட்டினதுலதான் சத்து என்று வைதுகொண்டே ஒரு வாய்த் தண்ணீர் விட்டு, டம்ளரை ஒரு சுழற்றுச் சுழற்றி, அலசி, அதையும் அவர் வாயில் ஊற்றினார். அந்தச் சுழற்று. முப்பிடாதியின் வலது மணிக்கட்டு மடியில் இருந்தபடியே லேசாய்த் திரும்பிற்று. அவள் சொல்லாமலே திரும்பிற்று. அவள் அதைப் பார்த்தாள். இன்னொருவர் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஏன் திரும்புகிறாய், உனக்கென்ன வேலை இதில்? பிறகுதான் உள்ளே என்னவோ விழுந்தது, கிணற்றில் கயிறு அறுந்த வாளி மாதிரி, விழுந்துகொண்டே இருந்தது, தண்ணீரைத் தொடவே இல்லை.

யூரின் கேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். இருந்தது, வாய் சரிந்த வெள்ளைக் கேன், பக்கத்தில் அளவுக் கோடு போட்ட ஜக்கு, அதற்குப் பக்கத்தில் சின்னப் பச்சை மக்கு. மூத்திரம் போக உள்ளே போட்டிருந்த குழாய் வழியாகவும் கிருமி ஏறும் என்று அதை எடுத்துவிட்டார்கள். எடுத்த அன்று ஜெசிந்தா சொன்னாள், இனிமே கேன்ல பிடிச்சு ஜக்குல ஊத்தி அளந்து சொல்லணும்க்கா, ஒரு சொட்டு வீணாக்கக் கூடாது, அதுதான் முக்கியம், அதை வெச்சுத்தான் மேடம் மருந்து அளவைப் பாப்பாங்க. ஒரு சொட்டு வீணாக்கக் கூடாது. இதை முப்பிடாதிக்கா சொல்ல வேண்டும்? கிரைண்டர் கல்லில் ஒட்டியிருப்பதை வழித்து, அப்புறம் ஒரு செம்புத் தண்ணீர் விட்டு உருட்டி, அந்தத் தண்ணீரையும் மாவில் ஊற்றிக் கலக்கிவிட்டுத்தான் அவள் கல்லைக் கழற்றுவாள். மிக்ஸி ஜாரா, அலசிக் குழம்பில் ஊற்று. எண்ணெய்த் தூக்கா, வெந்நீர் விட்டு அலசு. ஒட்டினதில் ஒரு தோசை இருக்குடீ என்பாள் அவள் அம்மை. உண்மையாகவே அப்படி ஒரு தோசை அந்த வீட்டில் உண்டு. அலசின தண்ணீரில் கடைசியாய் ஊற்றுகிற, ஓரம் கண்ணாடியாய்ப் பேர்ந்து வருகிற தோசை. அது எப்போதும் பாண்டிக்குத்தான். அந்தக் கைதான் கேனையும் பிடித்தது. ஜக்கில் ஊற்றும், அப்புறம் மக்கில் தண்ணீர் மொண்டு கேனுக்குள் விடும், ஒரு சுழற்று, அதையும் ஜக்கில். அப்புறம் கோட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வாள், முன்னூத்தி அம்பது சிஸ்டர். ஜெசிந்தா எழுதிக்கொண்டு, சூப்பர்க்கா என்பாள். ஒவ்வொரு தடவையும். அடி பாவி, ஒவ்வொரு தடவையும் என்றாள் தனக்குள். அது மூத்திரமில்லை, குழாய்த் தண்ணீர். இந்த ஆஸ்பத்திரியின் குழாய்த் தண்ணீரைப் பார்த்து டாக்டர் சிரித்திருக்கிறார். குழாய்த் தண்ணீரை நம்பி நாற்பத்தைந்து லட்சத்தை ஏற்றியிருக்கிறார்கள்.

இல்லை, கொஞ்சம்தானே ஊற்றினேன். ஒரு வாய் அளவு. ஒரு வாய்க்கு என்ன வந்துவிடப் போகிறது. ஒரு வாயா? முந்தாநாள்? முந்தாநாளை நினைக்க வேண்டாம் என்று மனசு அதைத் தாண்டி அதற்கு முந்தின நாளுக்குப் போயிற்று. அன்றைக்கு ஒரு வாய்தான். அதற்கு முந்தின நாளும் ஒரு வாய்தான். முந்தாநாள் என்ன நடந்தது? முந்தாநாள் அவன் கேனைக் கொடுத்தபோது எடை இல்லாமல் இருந்தது. அடியில் கொஞ்சம், டீத்தண்ணி நிறத்தில். ஜக்கில் ஊற்றியபோது நூறுக்குச் சற்று மேலே நின்றது. கிட்னி நம்பர் ஏறினாலும் ஏறும் என்று டாக்டர் சொன்னதும் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான். அப்போது கை மக்கை எடுத்தது. வழக்கமாக எடுக்கிறதுதான். ஆனால் மக்கு எவ்வளவு நிறைந்தது? கால்வாசியா, அரைவாசியா? அறை மூலையில் குழாயைத் திறந்துவிட்டு அவள் சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பல்லியைப் பார்த்தது நல்லா நினைவிருக்கிறது, வால் அறுந்த பல்லி. மக்கு நிறைகிற சத்தம் மாறி மாறிக் கேட்டதும் நினைவிருக்கிறது, அடியில் மொத்தமாய், மேலே வர வரக் கீச்சென்று. அந்தக் கீச்சு வரும்வரை ஏன் நின்றாய்? பல்லியைப் பார்த்தேன். பல்லியை எதற்குப் பார்த்தாய்? மக்கைப் பார்க்கக் கூடாது என்றா? அன்றைக்கு முன்னூறு என்று சொன்னாளே, அப்போது குரலில் ஒரு நடுக்கம் இருந்ததா இல்லையா? கை அறியாமல் செய்தது என்றுதான் இதுவரை நினைத்தாள். இப்போது கைக்கும் மனசுக்கும் நடுவே ஒரு கதவு இருப்பது போலவும், அது சாத்தியிருந்ததா சும்மா ஒருச்சாய்த்திருந்ததா என்று தெரியாதது போலவும் இருந்தது. அவனுக்கு நல்லது நடக்க வேண்டுமென்று ஆசைப்பட்ட கை, கோடு ஏறினால் அவனே தேறினதாக ஆகிவிடும் என்று நம்பிற்றோ என்னமோ. உளுந்து பொங்கவில்லை என்றால் தண்ணீர் சேர்த்து அளவைக் காட்டுவாளா அவள்? செத்தாலும் செய்யமாட்டாள். மாவுக்குச் செய்யாததைத் தம்பி உடம்புக்குச் செய்திருக்கிறாள்.

சொல்லிவிட வேண்டும். உடனே எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும். எழுந்திருக்கவில்லை. சொன்னால் என்ன செய்வார்கள்? மருந்தை நிறுத்துவார்கள். நிறுத்தினால்? பேய் திரும்பும், காய்ச்சல் திரும்பும், எலும்பு டாக்டரின் கை அந்தக் கோட்டுக்குத் திரும்பும். சொல்லாவிட்டால்? ரத்தம்தான் போயிருக்கிறதே, அது சொல்லிவிடும், நான் எதற்குச் சொல்ல? ரத்தத்தில் தண்ணீர் கலக்க என்னால் முடியாது, அது உள்ளதைச் சொல்லும். ஆனால் ரிசல்ட் வர நேரமானால்? நேற்று இரண்டு மணிக்குத்தானே வந்தது. மத்தியான டோஸ் பன்னிரண்டுக்கே ஏறிவிடும். நம்பர் ஏறியிருந்தாலும், யூரின் நல்லா போகுதே என்று நேற்றைப்போலவே இன்றைக்கும் டாக்டர் நினைத்தால்? ஒரு டோஸ்தானே. ஒரு டோஸில் என்ன. அந்த ஒரு டோஸ்தான் பேயை அடியோடு விரட்டுகிற டோஸாக இருந்துவிட்டால்? அந்த ஒரு டோஸ்தான் சாமி கேட்கிற ஊட்டாக இருந்துவிட்டால்? அவனுடைய எறும்பு தன் உதட்டிலும் ஊர்கிற மாதிரி இருந்தது. பாண்டியைப் பார்த்தாள். அவன் கண்ணைத் திறந்து அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகவோ தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே ரப்பை உப்பியிருந்தது. காலையில் தூங்கி எழுந்த முகம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

“என்னக்கா, ஜக்கையே வெறிச்சுப் பாக்க” என்றான்.

அவள் ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டு, ஆச்சிக்குக் கேட்காத குரலில், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது வார்த்தைகள் கோர்வையாய் வரவில்லை. கிரைண்டர் முதலில் வந்தது, அப்புறம் மக்கு, அப்புறம் ஜெசிந்தா சொன்ன ஒரு சொட்டு. பல்லியை மட்டும் சொல்லவில்லை. அவன் குறுக்கே எதுவும் கேட்காமல் உதட்டைத் தடவிக்கொண்டே கேட்டான். ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது.

“எனக்குத் தெரியும்க்கா” என்றான். “நீ தண்ணி ஊத்துததைப் பாத்துக்கிட்டுதான் கெடக்கேன். முதல்ல நம்ம வீட்டுப் பழக்கம்னு நெனச்சேன். முந்தாநாள் மக்கு நெறைய மோந்தீயே, அப்ப வேணும்னேதான் ஊத்துதன்னு நெனச்சேன்.”

“எலே, அப்பவே சொல்லியிருக்கலாம்லா?”

“எதுக்குச் சொல்லணும்?” அவன் எழுந்து உட்காரப் பார்த்து, முடியாமல், தலையணையை மட்டும் உயர்த்திக்கொண்டான். “காய்ச்சல் எறங்கிட்டு. சீழு நிக்கப்போவுது. இன்னும் நாலு நாள் இந்த மருந்து ஓடிச்சுன்னா காலு எனக்கு. நீ பாட்டுக்கு இரு. யாருட்டயும் சொல்லிராத.”

கிட்னி போனால் என்ன செய்வாய் என்று அவள் கேட்டாள். அது ரெண்டு இருக்கு என்றான். காலும் ரெண்டுதான் என்றாள். அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் உதட்டில் மாட்டிக்கொண்டது. “கிட்னியை வெச்சு கிளட்ச் மிதிக்க முடியுமாக்கா?” அவனுக்கு வண்டி என்றால் உயிர். பன்னிரண்டு வயசில் மாவு வாளியைச் சைக்கிள் ஹேண்டிலில் தொங்கவிட்டு ஹாரன் சத்தம் வாயால் கொடுத்துக்கொண்டே தெருத் தெருவாய்ப் போனவன். அந்தக் கால் இல்லாமல் அவன் எப்படி இருப்பான் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். வீட்டில், சுவரோரம், ஒரு பேன்ட்டின் பாதியை மடித்து ஊக்குக் குத்தி. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு படமும் வந்து நின்றது, இரண்டு காலும் இருந்து, முகம் மட்டும் உப்பி, வாரத்துக்கு மூன்று நாள் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு. அதற்கும் பக்கத்தில் மூன்றாவதாய் ஒரு படம் வரப் பார்த்தது. அதை அவள் பார்க்கவில்லை. கையை அவன் நெற்றியில் வைத்தாள். குளிர்ச்சியாக இருந்தது. அந்தக் குளிர்ச்சிதான் கொடுமை. காய்ச்சலாக இருந்திருந்தால் சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம். மருந்து கேட்கிறது, கேட்டுக்கொண்டே அழிக்கிறது. ஒரே சாமிதான், ஒரு கையில் விபூதி, ஒரு கையில் அரிவாள். சரி, நீ சொல்லுததுபோலவே இருக்கட்டும் என்று அவள் வாய் சொல்லிற்று. வாய் சொன்னதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான், சின்னப் பிள்ளை மாதிரி, நம்பி.

அவன் நம்பிக் கண்ணை மூடியதுதான் அவளைக் குத்திக்கொண்டே இருந்தது. வராந்தாவில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. சாப்பாட்டு வண்டியா மருந்து வண்டியா? சாப்பாட்டு வண்டிக்கு ஒரு சக்கரம் நொண்டும், இது நொண்டவில்லை. ஜெசிந்தா நீல அங்கி மாட்டி, கையுறை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை, வயசு இருபத்து நாலு இருந்தால் அதிகம். வந்ததும் ஒரு சிரிப்பு, என்ன லட்சாதிபதி சார், தூக்கமா? கம்பியில் பாட்டிலைத் தொங்கவிட்டாள். தண்ணீர் போலத்தான் இருந்தது அந்த மருந்து. அதற்குள் இத்தனை லட்சம் இருக்கிறதென்று யார் சொல்வார்கள். குழாய்த் தண்ணீருக்கும் அதற்கும் பார்வையில் ஒரு வித்தியாசம் இல்லை. ரிசல்ட் வந்துட்டா சிஸ்டர் என்று முப்பிடாதி கேட்டாள், தன் குரல் எங்கிருந்தோ வருவதுபோல். இன்னும் வரல்லக்கா, லேப்ல மிஷின் ஏதோ தகராறாம், மேடம் வழக்கமான அளவையே போடச் சொல்லிட்டாங்க, யூரின்தான் நல்லா போகுதுல்லா என்றாள் ஜெசிந்தா. யூரின்தான் நல்லா போகுதுல்லா. குடத்தில் அடித்த மாதிரி அது அறைக்குள் நின்றது. ஜெசிந்தா அவன் கை ஊசியில் சிரிஞ்சால் கொஞ்சம் சலைன் தள்ளிப் பார்த்தாள், போயிற்று. டியூபை மாட்டினாள். டியூபில் காற்று இருக்கிறதா என்று விரலால் சுண்டினாள். பாண்டி கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்து, தலையை ஆட்டவில்லை, கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தான். சும்மா இரு. ஜெசிந்தாவின் கட்டைவிரல் டியூபில் இருந்த சின்னச் சக்கரத்தின் மேல் போயிற்று. இனி அதை உருட்ட வேண்டியதுதான். முப்பிடாதிக்கு அந்த விரலைத் தவிர உலகத்தில் வேறெதுவும் தெரியவில்லை. தோசைக் கல் காய்ந்துவிட்டதா என்று தண்ணீர் தெளித்துப் பார்க்கும்போது சொய்யென்று ஒரு சத்தம் வருமே, அது காதுக்குள் வந்தது.

“தொறக்காத தாயி” என்றாள்.

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். பாண்டி, எக்கா என்றான், மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் அப்படி அவன் அவளைக் கூப்பிட்டதே இல்லை. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை, திரும்பினால் தீர்ந்தது. குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பச்சை மக்கை எடுத்து நீட்டினாள்.

“நான் சொன்ன அளவு எதுவும் சரியில்ல. கேனை இதுல அலசி அலசி அந்தத் தண்ணியையும் ஜக்குல ஊத்திட்டேன்.”

அந்தப் பிள்ளைக்கு முதலில் புரியவில்லை. எதை அலசினீங்க, எதுக்கு அலசினீங்க என்றாள். ஒரு சொட்டு வீணாக்கக் கூடாதுன்னு சொன்னீயளே என்று முப்பிடாதி சொன்னதும் ஜெசிந்தாவின் முகக்கவசத்துக்குமேல் இருந்த நிறம் போயிற்று. சக்கரத்தை இன்னும் இறுக்கி மூடிவிட்டு, டியூபைக் கழற்றி, கையுறையைக்கூடக் கழற்றாமல் வாசல் வரைக்கும் ஓடி, அப்புறம் நினைவு வந்து கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள். அறையில் மின்விசிறியும் ஆச்சியும் கிழவரும் இருந்தார்கள். ஆச்சி எதையும் கேட்காததுபோல் கிழவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாண்டி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்ப முடியாத காலையும் கையால் இழுத்து வைத்துத் திரும்பினான்.

டாக்டர் ரிஸ்வானா வந்து அதட்டவில்லை. அதட்டியிருந்தால் அழுதிருக்கலாம். எவ்வளவு தண்ணி ஊத்துவீங்க, காட்டுங்க என்றார். முப்பிடாதி குழாயடிக்குப் போனாள். எந்த நாள் அளவைக் காட்ட என்று ஒரு கணம் நின்றாள். பிறகு முந்தாநாளைத்தான் பிடித்தாள். கீச்சென்று வரும்வரை. அதைக் கொண்டுவந்து ஜக்கில் ஊற்றினாள். ஜக்கின் கோடு ஒவ்வொன்றாய் மூழ்கிற்று. டாக்டர் குனிந்து பார்த்தார். ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை என்று தனக்குள் பெருக்கிக்கொண்டதில் அவர் கண் சுருங்கியது. கீழே லேபுக்குப் போன் போட்டு, மிஷின் எப்படியாவது போகட்டும், அந்த ஒரு குழாயை மட்டும் முதல்ல ஓட்டுங்க என்றார். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. ஜெசிந்தா, நான்தான் மேடம் அப்படிச் சொன்னேன் என்று ஆரம்பித்தாள். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு போனில் யாரோ ஒரு எண்ணைச் சொன்னார்கள். டாக்டர் அதைத் திருப்பிச் சொல்லவில்லை, சரி என்று மட்டும் சொன்னார். அந்தச் சரியிலேயே முப்பிடாதிக்குத் தெரிந்துவிட்டது.

நேற்றைக்கு இன்றைக்கு ரெண்டு மடங்கு ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்துக் கிடந்த பாண்டியின் முதுகிடம்தான் பேசினார். “மருந்தை நிறுத்தலப்பா. நிறுத்தினா கிருமி ஜெயிச்சிடும். இந்த டோஸ் வேண்டாம். அடுத்ததிலிருந்து உன் கிட்னி தாங்குற அளவுக்குக் குறைச்சு, தள்ளித் தள்ளிப் போடறோம். கிட்னி டாக்டரும் வந்து பாப்பார். ரெண்டையும் காப்பாத்திருவேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இவ்வளவு நாள் கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டினேன், இப்ப ரோடு தெரியுது. நீ டிரைவர்தானே.” வாசலில் போகும்போது டாக்டர் முப்பிடாதியின் தோளைத் தொட வந்து, கையுறை போட்டிருந்ததால் தொடாமல், தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

கம்பியில் அந்தப் பாட்டில் இல்லை, வெறும் சலைன் மெல்லச் சொட்டிக்கொண்டிருந்தது. அதை எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டாள். தப்பு செய்துவிட்டேனோ? எது தப்பு, ஊற்றினதா, சொன்னதா? கால் போனால் அவன் ஆயுசுக்கும் இந்த முதுகைத்தான் காட்டுவான். காட்டட்டும். முதுகு இருந்தால்தானே காட்ட. இல்லை, அப்படி இல்லை, அது வேறு யாரோ ஆறுதலுக்குச் சொல்கிற பேச்சு, அவளுக்குப் பொருந்தவில்லை. உள்ளே இன்னும் அந்த வாளி விழுந்துகொண்டேதான் இருந்தது. சாப்பாட்டு வண்டி நொண்டி நொண்டி வந்து, வாசலில் நின்று, போயிற்று. அவள் எழுந்து வாங்கவில்லை. ஆச்சி தன் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவள் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனார். வெயில் ஜன்னல் கம்பியை எடுத்துக்கொண்டுவந்து தரையில் போட்டது, அது நகர்ந்து கட்டில் காலைத் தொட்டது. பாண்டி திரும்பவே இல்லை. காதோரம் மட்டும் ஒரு நரம்பு அசைந்துகொண்டிருந்தது.

“எக்கா.”

சுவரைப் பார்த்தபடியேதான் கூப்பிட்டான். “கேனைக் குடு.”

அவள் கொடுத்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டு வெளியே நின்றாள். உள்ளே சத்தம் வர நேரமாயிற்று. வந்ததும் மெலிதாய், விட்டு விட்டு வந்தது. நின்றது. அவள் உள்ளே போய்க் கேனை வாங்கினாள். எடை இல்லை. டீத்தண்ணி நிறம். ஜக்கை ஸ்டூலில் சமமாய் வைத்து, கேனைச் சரித்து ஊற்றினாள். ஊற்றி முடிந்ததும் அவள் வலது கை கீழே போயிற்று. பச்சை மக்கின் காதைப் பிடித்தது. பிடித்தபடி நின்றது. அவள் கையைப் பார்த்தாள், பாண்டி அவளைப் பார்த்தான். எப்போது திரும்பினான் என்று தெரியவில்லை. அவள் மக்கை விட்டாள். விட்டுவிட்டுக் கேனை ஜக்கின் வாயில் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்சுவரில் ஒட்டியிருந்தது ஓரமாய்த் திரண்டு, ஒரு சொட்டாய் நீண்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிற்று. விழுந்தது. அடுத்தது திரள ஆரம்பித்தது. அவள் காத்திருந்தாள்.

“போதும்க்கா” என்றான். “ஒட்டினது ஒட்டினதாவே இருக்கட்டும்.”

திரைக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தாவின் செருப்புச் சத்தம் வந்து நின்றது. முப்பிடாதி கேனைக் கீழே வைத்தாள். ஜக்கைக் கண்ணுக்கு நேராய்த் தூக்கிப் பிடித்தாள். ஒருமுறை பார்த்தாள், உள்ளே அலைவது நிற்கட்டும் என்று இருந்து, மறுமுறையும் பார்த்தாள்.

“எம்பது சிஸ்டர்” என்றாள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.